கடலுக்குப் பட்டா உண்டா?

‘மகளிர் பொருளாதார மேம்பாடு’ என்று தட்டி எழுதிக் கட்டியிருந்த ஒரு பந்தலுக்குக் கீழே வைத்துத்தான் எங்க சின்னம்மாவிடம் முதல் கடன் பாரத்தில் கையெழுத்து வாங்கினேன். அனுமந்தன்பட்டியில் எங்கள் காலனியில் எம்.ஏ. தமிழ் படித்த பொம்பளப் பிள்ளை அப்போது நான் ஒருத்திதான். குழுவுக்குக் கணக்கு எழுத, தீர்மான நோட்டு எழுத, கூட்டத்துக்கு ஆள் சேர்க்க, எல்லாத்துக்கும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். சின்னம்மாவுக்குக் கைநாட்டுத்தான். பத்து நாள் பக்கத்தில் உட்கார்ந்து சிலேட்டில் எழுதிப் பழக்கினேன். அது தன் பேரைக் கோணல்மாணலாக எழுதி முடித்த அன்னிக்கு எனக்கு அழுகையே வந்துவிட்டது. அந்தக் கையெழுத்து எங்கே போய் விழப்போகிறது என்று நான் யோசிக்கவில்லை.

முதல் கடனில் ஆடு வாங்கியது, அடைத்தது. ரெண்டாவது கடன் மகள் நர்சிங் படிப்புக்குப் போனது. மூணாவது கடன் ரெண்டாவது கடனின் பாக்கியை அடைக்க. நாலாவதுக்கு பேங்க் வரவில்லை, வாரத் தவணைக்காரன் வந்தான். கம்பெனி பேர் எதுக்கு? ஒன்று போனால் இன்னொன்று வருகிறது. ஒரு செவ்வாய்க்கிழமை சின்னம்மா ஏலத்தோட்டத்திலிருந்து வர நேரமாகிவிட்டது. வசூலுக்கு வந்த பையன், என் தம்பி வயசுதான் இருக்கும், இருட்டும்வரை வாசலில் உட்கார்ந்திருந்தான். குழுவில் இருந்த மற்ற பெண்களையும் எழுந்து போகவிடவில்லை. ஒருத்தி கட்டாவிட்டால் எல்லாரும் சேர்ந்து கட்டணும் என்பதுதானே கூட்டுப் பொறுப்பு? அவன் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டினது பூராவும் எங்க தெருப் பொம்பளைகள், எங்க சின்னம்மாவை. ஒரே கிணற்றில் தண்ணி எடுக்கவிடாமல் விரட்டப்பட்டபோது ஒண்ணா நின்னவர்கள் அவர்கள்.

அதுக்கு அடுத்த வாரம் மகளிர் தினக் கூட்டம். பெண்களுக்கு இப்போது பொருளாதார அதிகாரம் வந்துவிட்டது என்று நான்தான் பேசினேன். இறங்கி வந்ததும் சின்னம்மா கேட்டது:

“ஏத்தா, அதிகாரம் வந்துருச்சு வந்துருச்சுங்கிறியே, அது எனக்கு வந்துச்சா, செவ்வாக்கெழம வந்து வாசல்ல உக்காருறானே அந்தப் பயலுக்கு வந்துச்சா?”

இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்கு நான் தேடின பதில்தான். முழுசாகக் கிடைத்துவிட்டது என்று சொல்லமாட்டேன்.

‘அதிகாரம் அளித்தல்’ என்கிற சொல்லையே எடுத்துக்கொள்வோம். அளிக்கிறவர் ஒருவர், வாங்கிக்கொள்கிறவர் ஒருவர். அளிக்கிறவர் கை மேலே, வாங்குகிற கை கீழே. தானத்துக்கும் பிச்சைக்கும் இருக்கிற அதே இலக்கணம்தான் இதற்கும். அப்படியானால் அதிகாரம் என்பது ஒருத்தர் கொடுத்து இன்னொருத்தர் வாங்கக்கூடிய பொருள்தானா? வருமானம் கூடினால் அதிகாரம் கூடும் என்கிறார்களே, எந்த இடத்தில் ஒன்று மற்றதாக மாறுகிறது?

குழுக்களைக் குறைத்துப் பேசுவதற்காக இதை எழுதவில்லை. 1989இல் தர்மபுரி மாவட்டத்தில் சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தொடங்கி, 1997இல் மகளிர் திட்டமாகத் தமிழ்நாடு முழுக்கப் பரவினது இந்தச் சுயஉதவிக் குழு ஏற்பாடு. மீட்டர் வட்டிக்காரனிடமிருந்து எங்கள் தெருவை ஓரளவுக்கு மீட்டது அதுதான். பேங்க் மேனேஜருக்கு எதிரே நாற்காலி போட்டு எங்க சனம் உட்கார்ந்தது அப்போதுதான். அது சின்ன விஷயமில்லை. ஆனால் அதே குழுவின் சட்டத்தை எடுத்து மாட்டிக்கொண்டு நுண்கடன் கம்பெனிகள் வந்தன. கடைசியில் 2025இல் தமிழ்நாடு சட்டமன்றம், கடன் கொடுத்தவர்கள் வற்புறுத்தி, மிரட்டி வசூலிப்பதைத் தடுக்கத் தனிச் சட்டமே இயற்ற வேண்டி வந்தது. ‘அதிகாரம் அளிக்கப்பட்ட’ பெண்களை வாசலில் வந்து மிரட்டுகிறவர்களிடமிருந்து காப்பாற்ற ஒரு சட்டம்! இந்த ஒரு வரியில் இருக்கிற முரணை நம் ஆய்வாளர்கள் யாராவது எழுதலாம்.

சின்னம்மாவின் கேள்வியைச் சுமந்துகொண்டுதான் நான் பாம்பனுக்குப் போனேன். ராமநாதபுரத்தில் உழைக்கும் பெண்களுக்கான ஒரு கூட்டம். கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து நாங்கள் மூணு பேர் போயிருந்தோம். அங்கே வந்த சின்னப்பாலத்து அக்கா ஒருத்தர், ‘எங்க ஊருக்கு வாங்க, கடல்ல எறங்கிப் பாத்துட்டுப் போங்க’ என்று கூட்டிக்கொண்டு போனார். நான் அதுக்கு முன்னால் கடலை மெரினாவில்தான் பார்த்திருந்தேன். மலையில் பிறந்து மலையையே பார்த்து வளர்ந்தவளுக்கு, நாலு பக்கமும் எல்லை இல்லாத ஒரு இடத்தில் நிற்பது பயமாகத்தான் இருந்தது.

பாம்பன் தீவின் தென்கரையில் இருக்கிறது சின்னப்பாலம். எதிரே குருசடைத் தீவு கண்ணுக்குத் தெரிகிறது. அந்த ஊர்ப் பெண்கள் பாசி எடுக்கிறவர்கள். ஆண் மீன்பிடிக்கப் போவான், பெண் கரையில் மீன் விற்பாள் என்று நாம் படித்து வைத்திருக்கிறோமே, அது இங்கே பொருந்தாது. இவர்கள் வள்ளத்தில் ஏறி, சேலைக்கு மேலே சட்டை போட்டு, விரல் விரலாகத் துணியைச் சுற்றிக் கட்டிக்கொண்டு, காலுக்கு ரப்பர் செருப்பு, கண்ணுக்குக் கண்ணாடி, இடுப்பில் வலைப்பை என்று தண்ணிக்குள் முங்குகிறார்கள். மூச்சைப் பிடித்துக்கொண்டு பத்துப் பன்னிரண்டு அடி கீழே போய், பாறையில் இருக்கிற பாசியைக் கையால் ஒடித்து எடுத்து மேலே வருகிறார்கள். மறுபடியும் முங்கல். ஒரு நாளைக்கு ஐந்தாறு மணி நேரம். பாறை கையைக் கிழிக்கும், சொறிமீன் பட்டால் உடம்பு எரியும், உப்புத்தண்ணியில் கண் சிவந்துபோகும். ஏழெட்டு வயசில் அம்மாக்களோடு கடலில் இறங்கினவர்கள் அறுபது வயசிலும் இறங்கிக்கொண்டிருக்கிறார்கள்.

பாசிக்கு அவர்கள் வைத்திருக்கிற பேர்களைக் கேட்கணும். மரிக்கொழுந்து பாசி, கஞ்சிப்பாசி, கட்டக்கோரை, பக்கோடா பாசி. மரிக்கொழுந்திலிருந்து அகர் எடுக்கிறார்கள். கட்டக்கோரையிலிருந்து எடுக்கிற அல்ஜினேட் துணிக்குச் சாயம் அச்சடிக்கப் பயன்படுகிறது. இந்த அகர் ஆலைகள் பலதும் இருப்பது எங்கள் பக்கத்து மதுரையில்! ஆஸ்பத்திரி ஆய்வுக்கூடத்தில் கிருமி வளர்க்கிற தட்டில் இருக்கிற கூழ், சின்னப்பாலத்துப் பொம்பளை மூச்சடக்கி ஒடித்த பாசியாக இருக்கலாம். நான் மதுரையில் ரெண்டு வருசம் படித்தேன். எனக்குத் தெரியாது.

விலை வைப்பது யாவாரி. முன்பணம் கொடுத்திருப்பவனும் அவன்தான். இதை அவர்கள் சொன்னபோது எங்களுக்குப் புதிதாக இல்லை. கம்பம் பள்ளத்தாக்கில் நடவுக்கு முன்பணம் வாங்கின கதைதான்.

புதிதாக இருந்தது வேறு ஒன்று.

1986இல் ராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையில் இருக்கிற 21 தீவுகளையும் அவற்றைச் சுற்றியிருக்கிற கடலையும் சேர்த்து, சுமார் 560 சதுர கிலோமீட்டரை, மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா என்று அரசு அறிவித்தது. 1989இல் அதைச் சுற்றிய பெரும்பரப்பு உயிர்க்கோளக் காப்பகமானது. பவளப்பாறைக்கும் கடற்பசுவுக்கும் பாதுகாப்பு. சரிதான், வேண்டியதுதான். ஆனால் அந்த அறிவிப்பு எழுதப்பட்ட நாளில் சின்னப்பாலத்துப் பெண்ணுக்கு ஒரு பட்டமும் சேர்த்து எழுதப்பட்டது: திருடி. அம்மாவும் அம்மாச்சியும் எந்தப் பாறையில் பாசி ஒடித்தார்களோ அதே பாறையில் கை வைத்தால் குற்றம். காவல் கெடுபிடி கூடக் கூட, வள்ளத்தைப் பிடிப்பது, பாசியைக் கொட்டச் சொல்வது, அபராதம் போடுவது என்று ஆகிப்போனது.

அங்கே ஒரு அக்காவிடம் நான் கேட்டேன், “உங்களுக்குன்னு இந்தக் கடல்ல ஏதாவது எழுத்துமூலமா உரிமை இருந்துச்சாக்கா?”

“கடலுக்கு எவன் பட்டா தருவான் தங்கச்சி? தராமக் கெடந்ததுனாலதான் நாங்க எறங்க முடிஞ்சிச்சு” என்றார்.

இந்தப் பதிலை நான் ஊருக்குத் திரும்புகிற பஸ் முழுக்கப் புரட்டிக்கொண்டு வந்தேன். நாம் தலித் இயக்கத்தில் இருக்கிறவர்கள் பட்டா, பட்டா என்றுதானே கேட்டு வளர்ந்தோம்? 1892இல் செங்கல்பட்டு கலெக்டர் திரமென்கீர் எழுதின அறிக்கையைத் தொடர்ந்து நமக்கு ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலம் கைமாறிப் போனதற்காகத்தானே 1994இல் காரணையில் ஜான் தாமசும் ஏழுமலையும் போலீஸ் துப்பாக்கிக்குச் செத்தார்கள்? எழுத்தில் இல்லாதது கையில் நிற்காது என்பது நாம் ரத்தம் கொடுத்துக் கற்றது. ஆனால் அந்த அக்கா சொல்வது அதற்குத் தலைகீழ். எழுத்து வராத இடத்தில்தான் எழுத்து இல்லாதவள் பிழைக்க முடிந்தது. எழுத்து வந்தபோது அது அவள் பேரில் வரவில்லை.

ரெண்டும் உண்மை. நிலத்தில் ஒரு பெண்ணின் பேரில் பட்டா இருப்பது எங்கள் பள்ளத்தாக்கில் அபூர்வம், எங்கள் காலனியில் அதனினும் அபூர்வம். எந்தப் பொருளின் மேலும் உரிமைப் பத்திரம் வைத்திராத சாதியும் பாலினமும், யாருக்கும் உரிமை இல்லாத இடங்களில்தான் வேர் பிடித்திருக்கிறது. புறம்போக்கு, கண்மாய்க் கரை, மலையடிவாரம், கடல். அந்த இடத்துக்கு மதிப்பு வந்துவிட்டது என்று மேலே இருப்பவர்கள் கண்டுபிடிக்கிற அன்னிக்கு நமக்கு ‘ஆக்கிரமிப்பாளர்’ என்று பேர் வருகிறது.

இப்போது ‘மேம்பாடு’ எப்படி வந்தது என்று பார்ப்போம். ஒரு பக்கம் தீவை மூடினார்கள். இன்னொரு பக்கம், 2002 வாக்கில் ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் உதவியோடு, கடலோர ஊர்களில் சூழல் மேம்பாட்டுக் குழுக்கள், சிறுகடன், மாற்றுத் தொழில். கடலை எடுத்துக்கொண்டு கடனைக் கொடுத்தார்கள் என்று ஒரு அக்கா சிரித்துக்கொண்டே சொன்னார். கடல், கடன், ஒரு எழுத்துத்தான் வித்தியாசம்.

மாற்றுத் தொழில்களில் பெரிதாகப் பேசப்பட்டது பாசி வளர்ப்பு. பிலிப்பைன்ஸ் கடலைச் சேர்ந்த காப்பாஃபைக்கஸ் என்கிற பாசி. மத்திய உப்பு, கடல் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிலையம் மண்டபத்தில் வைத்து வளர்த்துப் பார்த்தது. ஐஸ்கிரீம், பற்பசைக்கெல்லாம் கெட்டித்தன்மை தருகிற கேராஜீனன் இதிலிருந்து வருகிறது. 2000ஐ ஒட்டி பெப்சி கம்பெனி வந்தது. மூங்கிலைக் கட்டிச் சட்டம் செய்து, அதில் கயிறு கட்டி, கயிற்றில் பாசித் துண்டை முடிந்து கடலில் மிதக்கவிட்டால் 45 நாளில் அறுவடை. குழுவுக்கு பேங்க் கடன், கம்பெனி வாங்கிக்கொள்ளும். அந்த ஊர்ச் சனம் அதற்கு வைத்த பேர் ‘பெப்சி பாசி’. (மக்கள் எந்தப் பொருளுக்கும் அதன் முதலாளி யார் என்று பார்த்துத்தான் பேர் வைக்கிறார்கள். விஞ்ஞானப் பெயரைவிட இது துல்லியம்.) பெண்களுக்கு அதில் காசு வந்தது. வீடு ஓடு போட்டவர்கள் இருக்கிறார்கள், பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்பினவர்கள் இருக்கிறார்கள். முங்க வேண்டியதில்லை என்பதே பெரிய ஆறுதல். ‘குடிச்சிட்டு வந்தா சோறு கெடையாதுன்னு சொல்ற தெம்பு வந்துச்சு’ என்று ஒருவர் சொன்னதை நான் மறைக்கக்கூடாது. காசு தருகிற தெம்பைக் காசு இருக்கிறவர்கள்தான் ஏளனம் செய்வார்கள்.

2005இல் அரசு, இந்த அயல்பாசியை மன்னார் வளைகுடாவுக்குள் வளர்க்காமல் பாக் நீரிணைப் பக்கமும் தூத்துக்குடிக்குத் தெற்கேயும் வைத்துக்கொள்ளச் சொன்னது. 2008இல் மதுரை காமராசர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், குருசடைத் தீவின் பவளப்பாறைகள் மேல் இந்தப் பாசி படர்ந்து மூடுவதாக எழுதினார்கள். அதே 2008இல் பெப்சி இந்தத் தொழிலை வேறு கம்பெனியிடம் கொடுத்துவிட்டு விலகியது. 2013க்குப் பிறகு பாசி கொத்துக்கொத்தாக வெளுத்துச் செத்தது. கடல் சூடாகிவிட்டது என்றார்கள். மூங்கிலும் கயிறும் மிஞ்சின.

இதில் யாரை நோவது? கடத்தல்காரி மாதிரி மரிக்கொழுந்து எடுக்கிறவளிடம், ‘நீ பவளப்பாறையை அழிக்கிறாய்’ என்று சொல்லி அதற்கு மாற்றாகக் கொடுத்த பாசிதான் பவளப்பாறை மேல் ஏறி உட்கார்ந்தது. அதைக் கொண்டுவந்தவள் அவள் இல்லை. பெப்சி பாசியைக் கொண்டுவந்தவர்களில் யாரையாவது ‘திருடன்’ என்று யாராவது சொன்னார்களா?

சுற்றுச்சூழல் தோழர்கள் இங்கே குறுக்கிடுவார்கள். அவர்கள் கேள்வியும் நியாயமானதுதான், அதைத் தாண்டிப் போக முடியாது. பாரம்பரிய உரிமை என்று சொல்லிவிட்டால் பாறையைச் சுரண்டி எடுக்கலாமா? பசித்தவளுக்குக் கடலை அழிக்க உரிமை உண்டா? கடலை அழித்தால் அவளுடைய பேத்தி எங்கே முங்குவாள்?

பதிலை அந்தப் பெண்களே செய்து வைத்திருக்கிறார்கள். கூட்டமைப்பாகச் சேர்ந்து உட்கார்ந்து பேசி, தங்களுக்குத் தாங்களே சட்டம் போட்டுக்கொண்டார்கள். மாசத்தில் 12 நாள்தான் இறங்குவது, அமாவாசையை ஒட்டி 6, பௌர்ணமியை ஒட்டி 6. இரும்புக் கரண்டியால் சுரண்டக்கூடாது, கையால் ஒடிக்கணும், அடி நிற்கணும், அப்பத்தான் தழைக்கும். மீன்பிடித் தடைக்காலத்தில் அவர்களும் நிறுத்துவது. யாரும் அவர்களைக் கேட்கச் சொல்லவில்லை. வனத்துறையோடு, மாவட்ட நிர்வாகத்தோடு பேசிப் பேசிச் சில பெண்களுக்கு அடையாள அட்டை வந்தது. இந்தப் போராட்டத்தில் முன்னால் நின்ற சின்னப்பாலம் லட்சுமி மூர்த்திக்கு 2015இல் சீகாலஜி பரிசு கிடைத்தது. உலகத் தீவுகளின் சூழலைப் பாதுகாக்கிறவர்களுக்கு அமெரிக்காவில் கொடுக்கிற பரிசு அது. பத்தாயிரம் டாலர். திருடி என்று விரட்டப்பட்டவர்களில் ஒருவரைக் கடலின் பாதுகாவலர் என்று கூப்பிட்டு மேடையில் ஏற்றினார்கள்.

பரிசு எனக்கு முக்கியமில்லை. 12 நாள் என்கிற கணக்குதான் முக்கியம். அந்தக் கணக்கைப் பாருங்கள்: 18 நாள் இறங்குவதில்லை என்று முடிவு செய்ய ஒருத்திக்கு எது வேண்டும்? வருமானம் மட்டும் போதாது. வருமானம் வேண்டுமென்றால் 30 நாளும் இறங்கணும். ‘இது என்னுடையது, என் மகளுடையது’ என்கிற நினைப்பு வேண்டும். தன்னுடையது என்று நினைக்கிறவளால்தான் வேண்டாம் என்று சொல்ல முடியும். கூலிக்காரியால் அதைச் சொல்ல முடியாது, அவள் சொன்னால் அதன் பெயர் லீவு. கடன்காரியாலும் முடியாது, அவளுக்குச் செவ்வாய்க்கிழமை இருக்கிறது. நிறுத்துகிற உரிமை இல்லாத உழைப்பில் காசு வரலாம், அதிகாரம் வராது. இதுதான் நான் அங்கே கற்றுக்கொண்டது.

1927 மார்ச்சில் மகத் குளத்துக்கு அம்பேத்கர் நம் சனத்தைக் கூட்டிக்கொண்டு போனது தாகத்துக்காக அல்ல. அந்தக் குளத்துத் தண்ணி குடிக்காமலும் உயிரோடு இருந்தோம் என்று அவரே சொன்னார். நாங்களும் மனிதர்கள் என்று நிலைநாட்டத்தான் போனார்கள். பாசிப் பெண்கள் கடலில் கேட்பதும் கிலோவுக்கு ரெண்டு ரூபாய் கூடுதலாக மட்டும் இல்லை. கடலைப் பற்றி முடிவெடுக்கிற இடத்தில் உட்காரணும் என்பது. கூலி உயர்வு ஒன்றையே பேசிக்கொண்டிருக்கிற இடதுசாரித் தோழர்கள் இதைக் கொஞ்சம் காதில் வாங்கணும்.

வேறு தீவுகளிலும் இதே கதை உண்டு. ஆப்பிரிக்கக் கரையோரம் சான்சிபாரில் 1980களின் கடைசியிலிருந்து பெண்கள்தான் பெரும்பான்மையாகப் பாசி வளர்க்கிறார்கள். கையில் முதன்முதலாகச் சொந்தக் காசு பார்த்தார்கள், விலையை மட்டும் வாங்குகிற கம்பெனி வைத்தது. கொரியாவின் ஜேஜு தீவில் ஹேன்யோ என்கிற முங்கிப் பெண்கள் இருக்கிறார்கள். கடல்நத்தையும் சிப்பியும் பாசியும் எடுப்பவர்கள். மூச்சுக் கருவி கட்டிக்கொண்டு இறங்குவதில்லை, ஒரு மூச்சில் எவ்வளவோ அவ்வளவுதான் என்று வைத்திருக்கிறார்கள். ஊர் மீனவர் சங்கத்தில் உறுப்பினராக இருப்பதன் வழியாக ஊர்க் கடல் மேல் அவர்களுக்கு உரிமை. ஆழமில்லாத கரையோரக் கடலைக் ‘கிழவி கடல்’ என்று ஒதுக்கி, ஆழத்தில் முங்க முடியாத வயசானவர்களுக்கு விட்டுவிடுகிறார்கள். 1932இல் ஜப்பானிய ஆட்சிக்காலத்தில் விலையில் ஏமாற்றியதற்காக ஆயிரக்கணக்கில் திரண்டு போராடியவர்கள் அவர்கள். 2016இல் யுனெஸ்கோ அவர்கள் வழக்கத்தை மனித குலத்தின் பண்பாட்டுச் சொத்து என்று பட்டியலில் சேர்த்தது. அதே வேலையைச் செய்கிற சின்னப்பாலத்துப் பெண் வனக்காவலரைக் கண்டால் இன்னும் பாசியை ஒளித்து வைக்கிறாள்.

ஏன் என்று கேட்டால் நம் நாட்டில் பதில் பாதியாவது சாதியில் இருக்கும். 1909இல் வெளிவந்த எட்கர் தர்ஸ்டனின் தொகுதிகளில் கடையர் என்ற பிரிவு வருகிறது. ராமேசுவரத்துப் பக்கம் சிப்பி பொறுக்கிச் சுண்ணாம்பு சுடுகிறவர்கள், முத்துக்குளிக்கிறவர்கள் என்றும், பேருக்குக் கடைசியானவர் என்று பொருள் என்றும் எழுதியிருக்கிறார். கடையன் என்ற பெயர் ராமநாதபுரம் உள்ளிட்ட சில மாவட்டங்களுக்கு அட்டவணைச் சாதிப் பட்டியலில் இருக்கிறது. கோயிலுக்குப் போனால் பட்டியலில் உண்டு, மாதா கோயிலுக்குப் போனால் 1950 ஆணைப்படி கிடையாது. கடல் அப்படிப் பார்ப்பதில்லை. ஒரே மாதிரிதான் கண்ணை எரிக்கிறது. பாசி எடுக்கிற எல்லாரும் ஒரே சாதி இல்லை, அப்படிச் சொல்வது தப்பு. ஆனால் உயிரைக் கொடுத்து முத்து எடுத்தவனுக்கு முத்தில் பங்கில்லாத கடலில்தான் இவர்களும் முங்குகிறார்கள்.

2021 ஒன்றிய பட்ஜெட்டில் தமிழ்நாட்டுக்குக் கடற்பாசிப் பூங்கா என்று அறிவித்து, 2023இல் ராமநாதபுரம் மாவட்டம் வளமாவூரில் 127 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். மறுபடியும் பெண்களுக்கு அதிகாரம் என்கிறார்கள். எனக்கு ஒரே சந்தேகம்தான். தேசியப் பூங்கா என்று சொல்லிக் கடலை வனம் ஆக்கியவர்கள், 2006ஆம் வருசத்து வன உரிமைச் சட்டத்தில் காட்டைச் சார்ந்து வாழ்கிறவர்களுக்குத் தந்த உரிமையையும் சேர்த்துக் கடலுக்குள் கொண்டுவந்திருக்கணுமா இல்லையா? வனக்காவல் மட்டும் தண்ணிக்குள் வரும், வன உரிமை கரையோடு நின்றுவிடுமா?

சரி, எங்கள் பள்ளத்தாக்குக்கு வருகிறேன். எங்களுக்குக் கடல் இல்லை. 1895இல் பென்னிகுக் கட்டி முடித்த பெரியாறு அணைத் தண்ணி கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கரில் ரெண்டு போகம் விளைய வைக்கிறது. வட்டார வளர்ச்சிக்கு இதைவிட நல்ல உதாரணம் காட்ட முடியாது. அந்தத் தண்ணியில் நட்டவர்கள், களை எடுத்தவர்கள், அறுத்தவர்கள் எங்க ஆத்தாமார். நிலம் அவர்களுடையதில்லை. நடவு மிஷினும் அறுப்பு மிஷினும் வந்தபின் அந்தக் கூலியும் சுருங்கி, விடியுமுன்னே ஜீப்பில் நெருக்கியடித்துக்கொண்டு குமுளி, கம்பம்மெட்டு வழியாக இடுக்கி ஏலத்தோட்டங்களுக்குப் போகிறார்கள். 2011 டிசம்பரில் அணைப் பிரச்சினை வெடித்தபோது தோட்டங்களிலிருந்து விரட்டப்பட்டு காட்டுப்பாதையில் நடந்து இறங்கி வந்தவர்கள் அவர்கள்தான். யாருடைய வயலுக்கான தண்ணிக்காக? அவர்களுக்கு ஒரு சென்ட் வயல் கிடையாது. ஆனால் தண்ணிக்கான அடியை வாங்கினது அவர்கள்.

மலைக்கு மேலே மூணாறில் 2015 செப்டம்பரில், சின்னப்பாலத்துக்குப் பரிசு கிடைத்த அதே வருசத்தில், தேயிலைத் தோட்டத் தமிழ்ப் பெண்கள் 20 சதவீத போனஸ் கேட்டு ரோட்டை மறித்து உட்கார்ந்தார்கள். பெம்பிளை ஒருமை. தொழிற்சங்கத் தலைவர்களைப் பக்கத்தில் விடவில்லை. ‘எங்களுக்காகப் பேசி வித்தவங்க நீங்க’ என்பதுதான் அவர்கள் கோபத்தின் சாரம். ஒன்பது நாளில் போனசை வாங்கிக்கொண்டு எழுந்தார்கள். கேட்ட தினக்கூலி வரவில்லை, அமைப்பும் பிறகு சிதறிப்போனது. ஆனால் ஒன்பது நாள் கொழுந்து கிள்ளாமல் நிறுத்தி வைத்தார்களே, அதைச் சின்னப்பாலத்தின் 18 நாளுக்குப் பக்கத்தில் வைத்துத்தான் நான் பார்க்கிறேன். யாரும் அவர்களுக்கு அதை ‘அளிக்க’வில்லை.

இதையெல்லாம் ஒரு ராத்திரி சின்னம்மாவிடம் சொன்னேன். முங்கிப் பாசி எடுப்பது, கண்ணாடி, துணி சுற்றின விரல், கிழவி கடல், எல்லாம். கிழவி கடல் அதுக்கு ரொம்பப் பிடித்துப்போனது, ரெண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டது. அப்புறம் அந்தப் 12 நாளைப் பற்றிச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தது.

“பன்னெண்டு நாளுதான் எறங்குவாளுகளா?”

“ஆமா சின்னம்மா. அவங்களே பேசி வச்சுக்கிட்டது.”

“மத்த நாளு தவணைய எவன் கட்டுவான்?”

அந்தப் பெண்களுக்கும் யாவாரியிடம் முன்பணம் இருக்கிறது, கடன் இருக்கிறது, அதோடதான் நிறுத்துகிறார்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். சின்னம்மா கேட்டது அவர்களைப் பற்றி இல்லை என்று தெரிந்ததும் நிறுத்திக்கொண்டேன். கடன் பாரத்தில் அது போட்ட கையெழுத்துக்குக் கீழே, சாட்சி என்று இருக்கிற இடத்தில் என் கையெழுத்தும் இருக்கிறது.

போன மாசம் எங்கள் தெருப் பெண்கள் 14 பேர் ஜீப்புக்காரனிடம் பேசினார்கள். ஆள் ஏற்றுவதில் கணக்கு வேணும், ஞாயிற்றுக்கிழமை யாரும் ஏறமாட்டோம் என்று. ரெண்டு ஞாயிறு யாரும் ஏறவில்லை. மூணாவது ஞாயிறு நாலு பேர் ஏறிவிட்டார்கள். அதில் சின்னம்மாவும் ஒருத்தி. திங்கட்கிழமை மற்றவர்கள் அதோடு பேசவில்லை. செவ்வாய்க்கிழமை தவணை கட்டின பிறகு அதுவே போய் ஒவ்வொரு வாசலிலும் நின்று பேசிவிட்டு வந்தது. வருகிற ஞாயிறு என்ன என்று இன்னும் முடிவாகவில்லை. அந்த நாலு பேருடைய தவணையை அந்த வாரம் எல்லாரும் சேர்ந்து போட்டால் என்ன என்று ஒருத்தி கேட்டிருக்கிறாள். கூட்டுப் பொறுப்பு என்று கம்பெனிக்காரன் சொல்லிக் கொடுத்த வார்த்தையையே சொல்லித்தான் கேட்டிருக்கிறாள்.